சென்னையில் நவீன ஓவியமும் சிற்பமும்: பார்க்க, வாங்க, காட்சிக்கு வைக்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘மதராஸ் கலை இயக்கம்’ என்கிறார்களே, அது என்ன?

1950களின் கடைசியில் தொடங்கி சில பத்தாண்டுகள், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியைச் சுற்றி உருவான ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் பின்னாளில் வைத்த பொதுப்பெயர் இது. கல்லூரி அதைவிட ரொம்பப் பழையது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தனிப்பள்ளியாகத் தொடங்கினார். 1852இல் அரசு எடுத்துக்கொண்டது. நெடுங்காலம் அங்கே உலோக வேலை, மண்பாண்டம், மரவேலை போன்ற கைத்தொழில்களுக்கே முதலிடம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்திய முதல்வராக வந்த பிறகுதான் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது, 1959இல் நிறுவப்பட்டது.

1957இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். ஐரோப்பிய நவீன ஓவியத்தை நன்றாகக் கற்ற பிறகும் நம் கைக்கு என்று ஒரு வழி வேண்டுமே என்ற கேள்வி அவரையும் சக ஆசிரியர்களையும் மாணவர்களையும் விடவில்லை. கோலம், கோயில் சிற்பம், ஓலைச்சுவடி, ஜாதகக் கட்டம், துணி அச்சு என்று தேடிப்போனார்கள். அந்தத் தேடலில் முதலில் கைக்கு வந்தது கோடு. வண்ணத்தைவிடக் கோட்டை நம்பியவர்கள் இவர்கள். பம்பாய், கல்கத்தா ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சென்னைப் படத்தைப் பெரும்பாலும் கோட்டை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

எஸ். தனபால், ஏ.பி. சந்தானராஜ், எல். முனுசாமி, ஜெ. சுல்தான் அலி, எம். ரெட்டப்ப நாயுடு, பி.வி. ஜானகிராம், கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன், சி. தட்சிணாமூர்த்தி, கே. ராமானுஜம், எஸ். நந்தகோபால் ஆகிய பெயர்களை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எழும்பூர். ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். வளாகத்துக்குள் தேசியக் கலைக்கூடக் கட்டடமும், தற்காலக் கலைக்கான தனிப்பகுதியும் இருக்கின்றன. வெண்கலச் சிலைகளை முதலில் பாருங்கள், நவீன ஓவியங்களைப் பிறகு பாருங்கள். சோழர் வெண்கலத்தின் விளிம்புக்கோடு கண்ணில் பதிந்தபின் ஆதிமூலத்தின் மைக்கோட்டைப் பார்த்தால் உறவு தானே புரியும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. இதை மறந்து வாசல் வரை வந்து திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

அங்கிருந்து கிரீம்ஸ் சாலையில், தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையத்துக்கு ஆட்டோவில் சிறிது நேரம்தான். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது மாட்டும் நாள்களில் அரங்கு காலியாக இருக்கும் என்பதால் போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், கதே இன்ஸ்டிட்யூட் இரண்டிலும் என்ன காட்சி நடக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து அமைத்த கிராமமான சோழமண்டலம், இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா. செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ராவுக்கு விடுமுறை. அங்கே பழைய வீடுகளைப் பார்க்கிற கூட்டம் வரிஜா கலைக்கூடத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். நுழைந்ததும் முதலில் அங்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கவனம் நிற்காது.

சோழமண்டலம் எப்படி உருவாயிற்று? அங்கே இன்னும் ஓவியர்கள் வாழ்கிறார்களா?

வாழ்கிறார்கள். அவர்களில் சிலரும் அவர்கள் குடும்பங்களும் அங்கேயே இருப்பதால்தான் அது அருங்காட்சியகமாக மட்டும் சுருங்காமல் இன்னும் ஊராக இருக்கிறது.

படம் விற்று ஓவியர் வயிறு நிரம்பாத காலம் அது. படிப்பு முடித்த மாணவர்கள் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை விட்டுவிடுவதைப் பணிக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் கைவினை செய்து விற்பது, மீந்த நேரத்தில் சொந்தப் படைப்பு என்று ஒரு ஏற்பாடு உருவானது. பாட்டிக் துணிதான் அதிகம் விற்றது. துணியில் உருக்கிய மெழுகால் கோடு போட்டு, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கினால் மெழுகு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். கோட்டில் தேர்ந்த கைகளுக்கு இயல்பாகவே பொருந்திய வேலை. அந்த வருமானத்தில் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். 1966இல் கிராமம் உருவாயிற்று. அரசு மானியத்தையோ பெரிய புரவலரையோ நம்பாமல் ஓவியர்களே சம்பாதித்துக் கட்டிய இடம். நாட்டில் இப்படி நிலைத்தவை மிகக் குறைவு.

இப்போது உள்ளே நிரந்தர ஓவியக்கூடமும், வாடகைக்குக் கிடைக்கும் காட்சி அரங்கும், திறந்தவெளியில் கல், உலோகச் சிற்பங்களும் உண்டு. மதராஸ் இயக்கத்துக்கான அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் அந்த ஒரு கூடத்தில் இரண்டு மணி நேரம் செலவிட்டாலே இயக்கத்தின் முகவெட்டு பிடிபட்டுவிடும்.

படத்தின் முன் நின்றால் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

‘என்ன அர்த்தம்’ என்று கேட்குமுன் ‘எப்படிச் செய்திருக்கிறார்’ என்று கேளுங்கள். சென்னைப் படைப்புகளுக்கு அந்தக் கேள்வி நன்றாகவே வழிகாட்டும்.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை எடுத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பஞ்சாங்கப் பக்கம் மாதிரி தெரியும். கட்டங்கள், வரிவரியாக எழுத்து, எண், நடுநடுவே மீன், பாம்பு போல உருவங்கள். கிட்டப் போனால் எழுத்து மலையாளமோ தமிழோ என்று வாசிக்கத் தோன்றும். வாசிக்க வராது. பொருள் தருகிற எழுத்தாக இல்லாமல் எழுதும் கையின் அசைவாகவே அது இருக்கிறது. வரி எங்கே நெருங்குகிறது, எங்கே காலியிடம் விட்டிருக்கிறது, எந்த உருவம் எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் மேய்ந்தால் போதும்.

ஜானகிராமின் உலோகத் தகட்டு வேலையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வார்ப்புச் சிலை மாதிரி கனமாகத் தெரிந்தது மெல்லிய தகடு என்று அப்போது தெரியும். தகட்டைத் தட்டி வளைத்து, மேலே கம்பியைக் கோடாகப் பற்றவைத்திருப்பார். கண், மூக்கு, ஆடை மடிப்பு எல்லாம் கம்பிதான். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைக் கண்டவர்களுக்கு இந்த முறை அந்நியமாக இருக்காது. பற்றவைத்த இடத்தின் முடிச்சை அவர் தேய்த்து மறைக்காமல் விட்டிருக்கும் இடங்களில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நந்தகோபாலின் சிற்பங்களும் முன்பக்கம் பார்த்து நிற்பவை. செம்பு, பித்தளை, வெள்ளி நிறங்கள் ஒன்றோடொன்று உரசும். சுற்றிவந்து பின்பக்கமும் பாருங்கள், கட்டுமானம் அங்கேதான் தெரியும்.

ராமானுஜத்தின் மையோவியங்களுக்கு மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரம் வரை போகலாம். 1973இல் இளம் வயதிலேயே மறைந்த அவர், கனவு நகரங்களை நுண்கோடுகளால் இண்டு இடுக்கு விடாமல் நிரப்பியவர்.

இந்த ஓவியர்களில் யாரையும் எனக்குத் தெரியாதே?

தமிழ்ச் சிற்றிதழோ வார இதழோ படித்திருந்தால் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பல இதழ்களின் பெயரைத் தூரிகையெழுத்தில் எழுதியதும், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குக் கோட்டோவியம் போட்டதும் ஆதிமூலம். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்திக் கோட்டோவியங்கள் இன்றும் பல மேடைகளில் பயன்படுகின்றன. ட்ராட்ஸ்கி மருது புத்தக அட்டைகளிலும் இதழ்களிலும் திரையிலும் வேலை செய்தவர். நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றிய வீர சந்தானத்தின் கோடுகள் தஞ்சை முள்ளிவாய்க்கால் முற்றத்துச் சிற்பங்களாகவும் இருக்கின்றன. ஓவியத்துக்கும் இலக்கியத்துக்கும் இவ்வளவு நெருக்கம் இருந்ததால்தான், படம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குள்ளும் நல்ல கோடு நுழைந்தது.

பெண் கலைஞர்கள்?

குறைவாகப் பேசப்பட்டவர்கள், குறைவாகச் செய்தவர்கள் இல்லை. டி.கே. பத்மினி 1969இல் முப்பது வயதுக்குள்ளேயே இறந்துவிட்டார். அதற்குள் வரைந்து வைத்தவை இன்றைக்கும் கண்ணை இழுக்கின்றன. அர்னவாஸும் சிற்பி அனிலா ஜேக்கப்பும் அடுத்துப் பார்க்க வேண்டியவர்கள். இன்றைய தலைமுறையில் பெனிதா பெர்சியாலைத் தேடிப் பாருங்கள். சாம்பிராணி, மூலிகைப் பொருள்கள் கலந்த கலவையில் உருவங்கள் செய்கிறார். கண்ணில் படுமுன் வாசனை வந்துவிடும். 2014இல், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பியன்னாலேயில் அவருடைய படைப்பு இடம்பெற்றது.

கவின்கலைக் கல்லூரியில் சேர என்ன செய்ய வேண்டும்?

பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். இளநிலைப் படிப்பு 4 ஆண்டு, முதுநிலை 2 ஆண்டு. சென்னை, கும்பகோணம் இரண்டு இடங்களிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. ஓவியம், சிற்பம், பதிப்போவியம் (தகட்டிலோ கட்டையிலோ உருவாக்கிய படத்தைத் தாளில் பதிப்பது), சுடுமண், துகில் வடிவமைப்பு, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு போன்ற துறைகள். சேர்க்கை அறிவிப்பில் வருடத்துக்கு வருடம் மாற்றம் வருவதால் கல்லூரியில் நேரடியாகக் கேளுங்கள்.

தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பென்சிலில் நிழலடித்து மெருகேற்றவே ஆறு மாதம் செலவழிக்கிறார்கள். புகைப்படத்தைப் பார்த்துப் பிரதியெடுத்த நடிகர் முகங்கள் பத்து இருந்தாலும், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்ததும் கை நின்றுவிடுகிறது. தினமும் 20 விரைவுக் கோட்டோவியம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம், அழிப்பான் இல்லாமல். ரயில் நிலையம், மீன் சந்தை, பேருந்து நிறுத்தம் எதுவானாலும் சரி. ஆள் நகர்ந்துவிடுவார் என்பதால் கண் முதலில் மொத்த உடலின் சாய்வைப் பிடிக்கப் பழகும். மூன்று மாதம் செய்தால் 1,800 ஆகிவிடும், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

முதல் தனிக்கண்காட்சி வைக்கப் போகிறேன். எப்போதிலிருந்து தொடங்க வேண்டும்?

ஆறு மாதம் முன்னால். அரங்குக்கு விண்ணப்பிக்கும்போது 10 முதல் 15 படங்களின் நல்ல ஒளிப்படங்கள், ஒரு பக்கத் தன்விவரம், எதைப் பற்றிய படங்கள் என்று ஒரு பத்தி கேட்பார்கள். லலித் கலா அகாடமி போன்ற வாடகை அரங்குக்கும் தனியார் கேலரிக்கும் ஏற்பாடு வேறு. வாடகை அரங்கில் வாடகை கொடுத்தபின் விற்பனைத் தொகை உங்களுடையது. கேலரி காட்சிக்கு வைத்தால் வாடகை இருக்காது, விற்பனையில் 30 முதல் 50 விழுக்காடு வரை அவர்களுக்கு. இரண்டும் கேட்கிற இடத்தில் கையெழுத்து போடாதீர்கள். அழைப்பிதழ், திறப்பு விழாச் செலவு, போக்குவரத்து, சேதம் யார் பொறுப்பு, விற்ற பணம் எத்தனை நாளில் வரும் என்ற ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

தொடக்கத்திலேயே சுவரை அளந்துவிடுங்கள். 30 அடிச் சுவரில் 3 அடி அகலப் படம் ஐந்து மாட்டினால் படங்களுக்கு 15 அடி போக, மீதி 15 அடியில் ஆறு இடைவெளி, ஒவ்வொன்றும் இரண்டரை அடி. அதற்குமேல் ஒரு படம் நுழைத்தால் நெருக்கியடித்த மாதிரி இருக்கும். முதல் கண்காட்சிகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். இருக்கிற எல்லாப் படத்தையும் மாட்டிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள்.

மாட்டும்போது படத்தின் மேல்விளிம்பை வைத்து வரிசைப்படுத்தக் கூடாது, நடுப்புள்ளியை வைத்து மாட்ட வேண்டும். தரையிலிருந்து 148 செ.மீ உயரத்தில் நடுப்புள்ளி வந்தால் பெரும்பாலானவர்கள் கண்ணுக்குச் சரியாக இருக்கும். ஆணி எங்கே அடிப்பது? 148உடன் படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, படத்தின் பின்னால் உள்ள மாட்டும் கம்பியை மேலே இழுத்துப் பிடித்தால் அது மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 90 செ.மீ உயரப் படம், கம்பி 12 செ.மீ கீழே நிற்கிறது என்றால் 148 + 45 – 12 = 181 செ.மீ. சுவர் நெடுக நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். 5 கிலோவுக்குமேல் எடையுள்ள படத்துக்கு இரண்டு ஆணி; ஒற்றை ஆணியில் மின்விசிறிக் காற்றுக்கே படம் சாய்ந்துவிடும்.

விளக்கு மேலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்வில் விழ வேண்டும். செங்குத்தாக விழுந்தால் ஃபிரேமின் நிழல் படத்தில் விழும், ரொம்பச் சாய்ந்தால் கண்ணாடியில் பார்வையாளர் முகம்தான் தெரியும். தாள் ஓவியங்களுக்கு வெளிச்சம் குறைவாகவே இருக்கட்டும்: 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு. எண்ணெய் வண்ணத்துக்கு 150 முதல் 200 வரை தாங்கும்.

விவரச்சீட்டில் தலைப்பு, ஊடகம், உயரம் × அகலம், ஆண்டு. உயரம் முதலில் என்பதுதான் வழக்கம். தமிழிலும் எழுதி வையுங்கள். சென்னை அரங்குகளில் தமிழ்ச் சீட்டு அரிதாக இருப்பது உண்மையான குறை. பக்கத்தில் டீக்கடை நடத்துகிறவர் உள்ளே வந்தால் அவரும் படிக்க வேண்டும்.

விலை எப்படி வைப்பது?

ஒரே சூத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் கூட்டி ஒரு தொகையால் பெருக்குவது நல்ல முறை. பரப்பளவால் பெருக்கினால் சின்னப் படம் அடிமாட்டு விலைக்கும் பெரிய படம் ஆகாயத்துக்கும் போய்விடும். வீட்டில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்று மட்டும் வைக்காதீர்கள். வாங்கியவருக்கும் கேலரிக்கும் அது தெரியாமல் போகாது, இரண்டு பக்கமும் நம்பிக்கை போய்விடும்.

மழைக்காலத்தில் படத்தில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?

சென்னையில் படம் வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி, அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர வீடுகளில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பூஞ்சைக்குத் தீனி காகிதத்தின் பசையும், துணியின் கஞ்சியும், மேலே படிந்த தூசியும். ஆகவே முதல் தற்காப்பு, படத்துக்குப் பின்னால் காற்று ஓட விடுவது. ஃபிரேமின் கீழ் இரு மூலைகளிலும் 1 செ.மீ தடிமனுள்ள தக்கை அல்லது ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடைவெளி கிடைக்கும். வெளிப்புறச் சுவரிலும், குளியலறைக்கு மறுபக்கச் சுவரிலும் மாட்டவே வேண்டாம். மழைநாளில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஓதம் ஏறியிருந்தால் படத்தை அன்றே இறக்கிவிடுங்கள்.

தாள் ஓவியம் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் வண்ணம் கண்ணாடியோடு வரும். நடுவே மவுண்ட் அட்டை வைக்க வேண்டும்; பெரிய தாளானால் அட்டை மட்டும் போதாது, 5 மி.மீ இடைச்சட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். மவுண்ட்டும் பின் அட்டையும் அமிலமற்ற பருத்தி அட்டையாக இருக்கட்டும். கடைக்காரர் வழக்கமாக வைக்கும் ஹார்ட்போர்டு தாளை நேராகத் தொட்டால் சில ஆண்டுகளில் பழுப்புக் கறை ஏறும். செலோடேப்பால் ஒட்டக் கூடாது. கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தபின் சொல்வதைவிட, எதிரே நின்று பார்த்துச் சொல்வது நல்லது. ஃபிரேம் மரத்தில் ஊசித்துளைகளும் கீழே மாவு உதிர்ந்ததும் தெரிந்தால் மரம் உளுத்துவிட்டது. ஃபிரேமை உடனே மாற்றுங்கள், பக்கத்திலுள்ள படங்களையும் பாருங்கள்.

பூஞ்சை வந்துவிட்டால்? ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் வித்துகள் படம் முழுக்கப் பரவும், உள்ளேயும் இறங்கும். படத்தைத் தனி அறைக்கு மாற்றி, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள். பூஞ்சை காய்ந்து பொடியானதும், முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே எடுத்துப்போய் மிருதுவான அகலத் தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். தாளில் கறை மிஞ்சினால் அங்கேயே நிறுத்திவிட்டு, பழுதுநீக்கும் வல்லுநரிடம் கொடுங்கள். உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு வைத்தியம் எதையும் செய்யாதீர்கள். மிஞ்சும் மாவுச்சத்து அடுத்த பூஞ்சைக்கு விருந்து.

ஏசி அறை நல்லதுதான். ஆனால் பகலில் 24 பாகை, இரவு அணைத்துவிட்டுச் சன்னலைத் திறப்பது என்றால் படம் தினமும் சுருங்கி விரியும். எண்ணெய் வண்ணத்தில் மயிரிழை வெடிப்பு வருவதற்கு இது ஒரு காரணம். அறை ஒரே சீராக இருப்பதே படத்துக்குப் பாதுகாப்பு.

உலோகச் சிற்பத்துக்குக் கடற்காற்றுதான் பகை. செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். சில சிற்பிகள் அந்த நிறத்தை வேண்டுமென்றே வரவழைத்திருப்பார்கள். ஆகவே கேட்காமல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். உலர்ந்த துணியால் தூசி தட்டி, வருடத்துக்கு இருமுறை மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் போதும்.

முதன்முதலாக ஒரு படம் வாங்க நினைக்கிறேன். எதைச் சரிபார்க்க வேண்டும்?

குறைந்த பணத்தில் நல்ல கையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் பதிப்போவியம் வாங்குங்கள். ஆர்.எம். பழனியப்பன் போன்றவர்களால் சென்னைக்கு இதில் வலுவான மரபு உண்டு. எச்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து பதிப்பது) என்றால் தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இருக்கும். விரலால் தொடாமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கீழே பென்சிலில் 3/15 மாதிரி எழுதியிருக்கும்: மொத்தம் 15 பிரதி, இது மூன்றாவது. கணினியில் அச்சடித்த பிரதியையும் ‘பிரிண்ட்’ என்றே விற்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. உருப்பெருக்கியில் வண்ணப் புள்ளிகள் சீராகத் தெளித்த மாதிரி தெரிந்தால் அது கணினி அச்சு.

கேன்வாஸ் படமானால் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து, ஆண்டு, தலைப்பு அங்கே இருக்கலாம். ஓட்டை, ஒட்டு, ஈரக்கறை இருந்தாலும் அங்கேதான் தெரியும். மறைந்த ஓவியரின் படம் மலிவாக வந்தால் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற தொடரைக் கேளுங்கள். பழைய கண்காட்சிப் பட்டியல், அந்நாளைய ரசீது, குடும்பத்தினர் கடிதம் இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் விட்டுவிடுவதே நல்லது. சான்றிதழ் மட்டும் போதாது. படத்தைப் போலி செய்கிறவருக்குச் சான்றிதழ் செய்வதா கஷ்டம்?

ரசீதில் ஓவியர் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு எல்லாம் இருக்கட்டும். கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பதிவு செய்யாத ஓவியர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. சாதாரண ரசீது தரலாம். தவணையில் தரலாமா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பல ஓவியர்கள் ஒப்புக்கொள்வார்கள். விலையை அடித்துப் பேசுவதைவிட அது இரு பக்கத்துக்கும் கௌரவம்.

படத்தை வாங்கிவிட்டால் அதை அட்டைப்படமாகவோ டீ-சர்ட்டிலோ போடலாமா?

கூடாது. வாங்கியது படத்தை, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது, அவர் மறைந்து 60 ஆண்டு வரை வாரிசுகளிடம் இருக்கும். எழுத்தில் தந்தால்தான் உரிமை மாறும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்பது சட்டம்.

ஓவியர்கள் கவனிக்க வேண்டியது: ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் ‘பதிப்புரிமை ஓவியருக்கே’ என்ற ஒரு வரியை முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் அதில் பங்கு கேட்கவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு ஓவியருக்கு வழி வைத்திருக்கிறது. பங்கு 10 விழுக்காட்டுக்கு மிகாது. கேட்பவர்கள்தான் குறைவு.

வெளியூருக்கு எப்படி அனுப்புவது?

வண்ணத்தின்மேல் நேராகக் குமிழ்த்தாள் சுற்றக் கூடாது. சென்னை வெயிலில் லாரிக்குள் அக்ரிலிக் இளகும், குமிழ்களின் வட்டம் வட்டமான தடம் படத்தில் நிரந்தரமாகப் பதியும். முதலில் கிளாசீன் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), அதன்மேல் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கும்படி குமிழ்த்தாள், மூலைகளுக்குக் கெட்டி அட்டை, பிறகு இரு பக்கமும் ப்ளைவுட். கண்ணாடி போட்ட படமானால் கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லுகள் தாளைக் கிழிக்காது.

சுருட்டி அனுப்ப நேர்ந்தால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்பக்கம் வைத்தால் வண்ணம் நசுங்கி மடியும். குழாயின் விட்டம் 15 செ.மீக்குக் குறையக் கூடாது. தடித்த எண்ணெய் வண்ணப் படத்தைச் சுருட்டவே வேண்டாம்.

தெருச் சுவரில் வரைய விரும்புகிறோம். என்ன தயாரிப்பு வேண்டும்?

முதலில் கண்ணகி நகருக்குப் போய்ப் பாருங்கள். 2020இல் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. வெயிலும் மழையும் எந்த நிறத்தை விட்டுவைத்திருக்கின்றன, எதைத் தின்றுவிட்டன என்று அங்கேயே படிக்கலாம்.

சுவர் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். புதுப் பூச்சானால் 28 நாள் காய விடுங்கள். ஈரமிருந்தால் உள்ளேயிருந்து உப்பு பூத்து வண்ணத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பழைய சுவரானால் உரிந்த சுண்ணாம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, காய்ந்ததும் வெளிப்புறப் பட்டி பார்த்து, பிரைமர் ஒரு கை, வெளிப்புற எமல்ஷன் இரண்டு கை. சிறிய வரைபடத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குங்கள். மாடி உயரச் சுவருக்குச் சாரம் கட்ட அனுபவமுள்ள ஆள், இடுப்புப் பட்டை இரண்டும் கட்டாயம். ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

சென்னைக்கு வெளியே என்ன பார்க்கலாம்?

புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி; இந்தியச் சுடுமண் கலைஞர்கள் பலர் அங்கே கற்றவர்கள். மாமல்லபுரத்தில் கல்தச்சர் பட்டறைகளும் சிற்பக் கல்லூரியும். ஒளிப்படத்தில் நாட்டமிருந்தால் 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியன்னாலே எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரங்குக்கு வெளியேயும் காட்சிகள் வைக்கிறார்கள்.

ஓவியரின் ஸ்டூடியோவுக்கு நேரில் போகலாமா?

போகலாம், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே வரவேற்பார்கள். இரண்டு நாள் முன்னால் தொலைபேசியில் கேளுங்கள். காலை வெளிச்சம் அவர்களுக்கு வேலை நேரம். மாலை நான்கு மணிக்குமேல் கேட்டால் இடைஞ்சல் இருக்காது. சுவரில் சாய்த்து, திருப்பி வைத்திருக்கும் படங்களை நீங்களாகத் திருப்பாதீர்கள். ஈரம் காயாமல் இருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். ‘இதை வரைய எவ்வளவு நேரம் ஆயிற்று’ என்பதைவிட ‘இதில் எதை மாற்றினீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல எழுந்துபோய், பழைய கோட்டோவிய நோட்டுகளை எடுத்துவந்து தரையில் விரித்துவிடுவார்கள். கையை முதலில் கழுவிக்கொள்ளுங்கள்.